சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியே தீருமா?

கடல் உள்வாங்கிய பிறகுதான் சுனாமி வரும், உள்வாங்காவிட்டால் பயமில்லை என்று ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். பலரும் பகிர்வதால் சொல்கிறேன்: இதில் பாதிதான் சரி. கடல் உள்வாங்கினால் ஓட வேண்டியதுதான். ஆனால் உள்வாங்காமலும் சுனாமி வரும்.

26 டிசம்பர் 2004 அன்றே இரண்டும் நடந்தன. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே நிலநடுக்கத்தில் கடலடித் தரை மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் கிழக்கே இருந்த தாய்லாந்தில் முதலில் கடல் வற்றியது. மேற்கே நம் சென்னைக்கு முதலில் வந்ததே ஏறும் நீர்தான். உள்வாங்கியதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே கடல் வெகுதூரம் பின்வாங்கும்.

நீங்களே சரிபார்க்கலாம். அன்றைய சென்னைத் துறைமுகக் கடல்மட்டப் பதிவையும் தாய்லாந்துப் பதிவையும் இணையத்தில் தேடி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சென்னைக் கோடு காலை 9 மணியை ஒட்டி முதலில் மேலே ஏறும், தாய்லாந்துக் கோடு முதலில் கீழே இறங்கும். அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவாவும் (NOAA) கடல் திடீரென ஏறுவது, வற்றுவது இரண்டையுமே எச்சரிக்கை அறிகுறியாகச் சொல்கிறது.

கரையோரம் இருப்பவர்கள் தயவுசெய்து கடல் வற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதிவில் ‘உள்வாங்காவிட்டால் பயமில்லை’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும்.