இதயம் நின்றபின் நுரையீரல் தானம்: ஒரு திருத்தம்
இதயம் நின்ற சில நிமிடங்களில் நுரையீரல் கெட்டுவிடும் என்றும், ஆகவே அதை எடுப்பதென்றால் உயிருள்ளவரிடமிருந்தே எடுக்கிறார்கள் என்றும் ஒரு அண்ணன் எழுதியிருப்பது தவறு. களியக்காவிளையிலிருந்து சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்லும் நம் குடும்பங்கள் இதை நம்பி அஞ்சக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நுரையீரலின் செல்களுக்கு ஆக்சிஜன் இரத்தத்தின் வழியாக மட்டுமன்றிக் காற்றறைகளில் தங்கியிருக்கும் காற்றிலிருந்தும் கிடைப்பதால், இரத்த ஓட்டம் நின்றபின்னும் அது மற்ற பல உறுப்புகளைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. 1963-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி செய்த முதல் மனித நுரையீரல் மாற்று சிகிச்சையிலேயே, மாரடைப்பால் இறந்தவரின் நுரையீரல்தான் பொருத்தப்பட்டது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் குழுவினர், அவ்வாறு பெற்ற நுரையீரலை உடலுக்கு வெளியே இயக்கிச் சோதித்தபின் பொருத்தியதை 2001-இல் வெளியிட்டனர்.

இம்முறையில், மீள வாய்ப்பில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் முடிவில் மாற்று அறுவைக் குழுவுக்குப் பங்கில்லை. இதயம் நின்றபின்னும், பல நாடுகளில் 5 நிமிடம், உடலைத் தொடாமல் காத்திருந்தே மரணத்தை உறுதிசெய்கிறார்கள். நம் நாட்டிலோ, இறந்தவர்களிடமிருந்து பெறும் உறுப்பு தானங்களில் பெரும்பாலானவை, 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைச்சாவு (மூளை மீளமுடியாதபடி முற்றிலும் செயலிழந்த நிலை) உறுதியானவர்களிடமிருந்தே பெறப்படுகின்றன. அவர்களுக்கு இதயம் துடிப்பதைக் கண்டு உயிர் இருப்பதாக எண்ணியதும், இவ்விரு முறைகளையும் ஒன்றெனக் கொண்டதுமே இக்குழப்பத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன்.