மானியம் சம்பளமில்லை, தம்பி
தம்பி, “போக்குவரத்து ஆய்வு மானியம் எஞ்சினியர்மாருக்குத்தான், கிடைத்தால் காசு நேரே நம்ம கணக்குக்கு வரும்” என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டுமே பிழை. இலங்கையில் ஆய்வுகளுக்குக் காசு தரும் தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடங்களின் ஆய்வு மானியம் பல்கலைக்கழகத்தின் கணக்கில்தான் கிடக்கும், விண்ணப்பத்தில் போட்ட செலவுத் தலைப்புக்குள்ளேதான், பல்கலைக்கழகக் கணக்கைப் பார்க்கும் நிதியாளர் கிளைக்குப் பில் காட்டி எடுக்கலாம். அந்தக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கும் கனவை விடுங்கள். அப்புறம், போக்குவரத்து என்றால் தாரும் கல்லும் மட்டுமா? வாழைச்சேனையிலிருந்து வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகள் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், பள்ளிக்கூடம் விடும் நேரம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் எத்தனை வாகனம் என்று புவியியல்காரரும் பொருளியல்காரரும் தாராளமாக ஆராயலாம். பயணிகளிடம் பேட்டி எடுப்பதென்றால் மட்டும் ஆய்வில் சேரும் ஆட்களுக்குப் பாதிப்பு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு வேளைக்கே போடுங்கள், நான் பார்த்தவரை இழுபடுவது அங்கேதான்.