மின்சார பஸ்ஸும் கிலோமீட்டர் கணக்கும்

சென்னையில் கரண்டு பஸ் வந்ததிலிருந்து எங்கே பேச்சு எடுத்தாலும் அது பேட்டரியில்தான் போய் நிற்கிறது. ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும், மழைத் தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும், தீப்பிடிக்குமா, எட்டு வருஷம் கழித்து பேட்டரியை யார் மாற்றுவார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த பஸ்கள் பத்து வருஷம் கழித்தும் நம் தெருவில் ஓடுமா என்பதை பேட்டரியைவிட ஒப்பந்தம்தான் முடிவு செய்யும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தை ரீல்ஸ் எடுக்க முடியாது என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் 120 பஸ்களோடு இது ஆரம்பித்தது. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையில் இன்னொரு 135, அதில் 55 ஏ.சி. உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டத்தின் முதல் கட்டத்தில் மொத்தம் 625 பஸ்கள். எல்லாம் 12 மீட்டர் நீளத் தாழ்தள பஸ்கள். மூட்டுவலி உள்ள அம்மாக்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறவேண்டியதில்லை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறது. இது யாரும் தானாகக் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் உயர்நீதிமன்றப் படியேறிப் போராடிய பிறகுதான் இந்த ஊரில் தாழ்தளம் என்ற பேச்சே திரும்பி வந்தது.

அப்புறம் ஓட்டுநர். பழைய வண்டிகளில் எஞ்சின் பெட்டி அவர் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மே மாதம் மத்தியானம் அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம், கிளட்சை மிதித்து மிதித்து, அந்தச் சத்தத்தில். மின்சார பஸ்ஸில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை, அந்தச் சூடு இல்லை. பயணிகளுக்குக் கிடைக்கும் வசதியைவிட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

சரி, காற்று சுத்தமாகுமா? பாரிமுனையில், கோயம்பேட்டில், சிக்னலில் பைக்கில் நிற்பவர் மூக்குக்கு நேராகப் புகை வராது. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் பூமியே குளிர்ந்துவிடும் என்கிற மாதிரி எழுதுகிறார்களே, அங்கேதான் கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். இவ்வளவு பெரிய மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும், ஏ.சி. ஓடினால் இன்னும் கொஞ்சம் கூட. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, காரணம் நிலக்கரி. டீசல் பஸ் லிட்டருக்கு நாலு, நாலரை கிலோமீட்டர் தரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ வரும். வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 600 கிராம் சொச்சம். டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவரும்போது வெளியாவதையும் சேர்த்தால் இரண்டும் இன்றைக்குத் தோராயமாகச் சமம்தான். வித்தியாசம் எதிர்காலத்தில் இருக்கிறது. காற்றாலையும் சோலாரும் கூடக் கூட, இன்று வாங்கிய மின்சார பஸ் வருஷத்துக்கு வருஷம் சுத்தமாகிக்கொண்டே போகும். டீசல் பஸ்ஸால் அது முடியாது. காற்றாலை மின்சாரத்தில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இது சும்மா வாய்ப்பேச்சும் இல்லை. அதுவரை, பாரிமுனையில் குறைந்த புகையில் ஒரு பங்கு, நிலக்கரி மின்நிலையங்கள் இருக்கும் எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் சாம்பலாக இறங்குகிறது என்பதையும் வடசென்னைக்காரர்கள் யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கவேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த பஸ்களை மாநகரப் போக்குவரத்துக் கழகம் வாங்கவில்லை. பக்கவாட்டில் கழகத்தின் பெயர் இருக்கிறது, டிக்கெட் கொடுப்பவர் கழகத்து நடத்துநர், வசூலும் கழகத்துக்கு. ஆனால் வண்டி, பேட்டரி, பராமரிப்பு, ஓட்டுநர் எல்லாம் தனியார், அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். கல்யாணத்துக்கு டிரைவரோடு வேன் பேசுகிறோமே, அதே மாதிரி, 12 வருஷத்துக்கு. கிலோமீட்டருக்கு ஏ.சி. இல்லாத பஸ்ஸுக்கு 77 ரூபாய் சொச்சம், ஏ.சி.க்கு 80 ரூபாய் சொச்சம். நாளொன்றுக்கு ஒரு பஸ்ஸுக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்தால் 15,000 ரூபாய்க்கு மேல். 625 பஸ்ஸும் ஓடும்போது கிட்டத்தட்ட தினம் ஒரு கோடி. வண்டியில் பத்துப் பேர் போனாலும் எழுபது பேர் போனாலும் இந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இதை உடனே கொள்ளை என்று சொல்கிறவர்களோடு நான் சேரவில்லை. ஒரு மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல். மொத்தமாகப் பணம் போட்டு வாங்குகிற நிலைமையில் கழகம் இல்லை. தொழில்நுட்பம் மாறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி படுத்துக்கொண்டால் அது கம்பெனியின் தலைவலி என்பது நமக்கு லாபம்தான். கழகத்தின் சொந்த டீசல் பஸ்ஸை ஓட்டுவதற்கு, சம்பளம் ஓய்வூதியம் எல்லாம் சேர்த்தால், கிலோமீட்டருக்கு இதைவிட அதிகம் ஆகிறது என்று இந்த முறையை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும் இல்லையா? மோட்டார் டீசலைவிடச் சிக்கனமாக ஓடுவதால் வரும் மிச்சம் ஒன்று. ஓட்டுநருக்குக் குறைவாகக் கொடுப்பதால் வரும் மிச்சம் இன்னொன்று. ரெண்டும் ஒரே 77 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கின்றன.

மும்பையைப் பாருங்கள். அந்த ஊர் பஸ்களை நடத்தும் பெஸ்ட் நிறுவனம் சில வருஷம் முன்பே இந்த வாடகை முறைக்குத் தாவியது. வண்டி கம்பெனியுடையது, ஓட்டுநர் கம்பெனியுடையவர், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற அதே கதை. 2023 ஆகஸ்டில் ஒப்பந்த ஓட்டுநர்கள் சமச் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓரிரு பணிமனைகளில் தொடங்கியது நகரம் முழுக்கப் பரவி ஒரு வாரம் நீடித்தது. பெஸ்ட்டால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் சட்டப்படி அவர்கள் அதன் ஊழியர்களே இல்லை. இடையில் சில ஒப்பந்தக்காரர்கள் கட்டுப்படியாகவில்லை என்று வண்டிகளை எடுத்துக்கொண்டு விலகியே போனார்கள். நாள்தோறும் அந்த பஸ்ஸை நம்பியிருந்தவர்கள் ஸ்டாப்பில் நின்றார்கள். சொந்த பஸ்களை வயதாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டதால் மாற்று அனுப்பவும் வழியில்லை. பெங்களூருவிலும் ஒப்பந்த மின்பஸ் ஓட்டுநர்கள் சம்பளப் பிரச்சினையில் திடீரென்று வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை 2024 டிசம்பர் 9 மும்பையின் குர்லாவில் நடந்தது. வாடகை முறையில் ஓடிய 12 மீட்டர் மின்சார பஸ் ஒன்று கூட்டமான கடைத்தெருவில் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து ஏழு பேருக்கு மேல் செத்தார்கள். ஓட்டுநருக்கு அந்த ரக வண்டியில் போதிய பயிற்சி கொடுக்கப்பட்டதா என்பதுதான் உடனே எழுந்த கேள்வி. மின்மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவையைக் கொடுக்கும். பெடலை விட்டாலே தானாக வேகம் குறையும், அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். இருபது வருஷம் கியர் வண்டி ஓட்டியவரின் இடது கால் கிளட்சைத் தேடும். இதைப் பழக்குவதற்குச் சில நாள் போதாது. பயிற்சிக்குச் செலவழிக்கும் நாளில் வண்டி கிலோமீட்டர் ஓடாது, கிலோமீட்டர் ஓடாவிட்டால் காசு இல்லை. ஓடும் தூரத்துக்கு மட்டும் காசு என்றால் ஓடாத நேரம் எல்லாம் நஷ்டக் கணக்கில்தான் போகும், அது பயிற்சியாக இருந்தாலும் சரி, ஓட்டுநர் டீ குடித்து மூச்சு வாங்கும் நேரமாக இருந்தாலும் சரி.

கிலோமீட்டர் கணக்கில் ஒரு நல்லதும் உண்டு. வசூலுக்காக ரெண்டு பஸ் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடுவது இதில் இருக்காது. வெளியூர்த் தனியார் பஸ்களில் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஸ்டாப்பில் நின்று ஆள் ஏற்றுவதற்கும் இதில் காரணம் இல்லை. நிறுத்தாமல் போனாலும் அதே 77 ரூபாய். நிறுத்தவைப்பது அபராதம்தான். எந்தத் தவறுக்கு எவ்வளவு, யார் கண்காணிக்கிறார்கள், மாதாமாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்வதில்லை. ட்ரிப் கட் ஆனால் ஸ்டாப்பில் நிற்பவருக்கு மட்டும்தான் தெரிகிறது.

சென்னைக்கு இது முதல் மின்சார வண்டியும் இல்லை. 1895-லேயே மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியது, இந்தியாவில் அதுதான் முதல். அது 1953 ஏப்ரலில் நின்றுபோனதற்கு மின்சாரம் காரணமில்லை. நடத்திய கம்பெனி திவாலானது. வந்த கட்டணம் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை, தண்டவாளத்தோடு எல்லாம் போயிற்று. வசூல் ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்ற அந்த இடைவெளி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், 2018-க்குப் பிறகு ஏற்றவில்லை. பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமில்லாப் பயணம், அது எவ்வளவு பேரை வேலைக்கு அனுப்பியிருக்கிறது என்று பெரும்பாக்கத்தில் போய்க் கேளுங்கள். கூவம், அடையாறு ஓரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தவர்களுக்கு பஸ் இல்லையென்றால் வேலையே இல்லை. கட்டணத்தை ஏற்றச் சொல்லவில்லை நான். அரசு மானியமாகக் கொடுக்கட்டும், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதுபோல் இதற்கும் கொடுத்துதான் ஆகவேண்டும். ஆனால் தட்டுப்பாடு வரும்போது யாருக்கு முதலில் பணம் போகும்? மாநிலக் கழகங்கள் கம்பெனிக்குப் பாக்கி வைத்தால் ஈடுகட்ட என்றே ஒன்றிய அரசு 2024-ல் 3,435 கோடி ரூபாயில் ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. பஸ் கம்பெனிக்கு அந்தப் பாதுகாப்பு. ஓய்வு பெற்ற போக்குவரத்து ஊழியர்கள் தங்கள் பணப்பலனுக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு அப்படி ஒரு நிதி இல்லை. 2023 மே மாதம் தனியார் மூலம் ஒப்பந்த ஓட்டுநர்களை எடுப்பதை எதிர்த்துக் கழகத் தொழிலாளர்கள் சென்னையில் திடீரென்று பஸ்களை நிறுத்தியபோது பொதுமக்கள் திட்டினார்கள். அன்று அந்தத் தொழிலாளர்கள் பயந்தது ஒன்றும் கற்பனை இல்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சீனாவின் ஷென்சென் 2017 முடிவில் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை மொத்தமாக மின்சாரத்துக்கு மாற்றியது. அந்த ஊரின் சாதனை என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அரசு கொட்டிய மானியத்தையும் பணிமனைகளுக்குக் கொடுத்த இடத்தையும் எழுதுவதில்லை. அதை நாம் அப்படியே செய்ய முடியாது. எனக்குப் பிடித்தது சிலி நாட்டின் சாண்டியாகோ. அங்கே வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவரும் ஓட்டுகிறவரும் வேறு வேறு ஆட்கள். ஓட்டும் கம்பெனி சரியில்லை என்றால் அதை மாற்றிவிட்டு அதே பஸ்களை வேறொருவர் கையில் கொடுக்கலாம். கம்பெனி போனாலும் வண்டி ஊரில்தான் இருக்கும். மும்பையில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க அந்த மாதிரி ஒரு ஷரத்து வேண்டும். நம் ஒப்பந்தத்தை, அபராதப் பட்டியலோடு, தமிழில் கழகத்தின் இணையதளத்தில் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று நாமே பார்த்துக்கொள்வோம்.

மழையைப் பற்றி ஒரு வரி. பேட்டரிப் பெட்டியைத் தண்ணீர் புகாதபடிதான் செய்கிறார்கள், அதை ஓரளவு நம்பலாம். பேட்டரி தப்பித்தாலும் பாதை தப்பிக்குமா? வியாசர்பாடியும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் டிசம்பரில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சார்ஜர்கள் வைத்திருக்கும் பணிமனைக்கே தண்ணீர் வந்தால் அன்றைக்கு நூறு பஸ் வெளியே வராது. அதற்காகவாவது டீசல் பஸ்களை முழுசாகக் கழித்துவிடாமல் ஒரு பங்கு கழகத்தின் கையில், கழகத்து ஓட்டுநர்களோடு இருக்கவேண்டும்.

இன்னொன்று, புது மின்சார பஸ் வரும்போதெல்லாம் எத்தனை பழைய பஸ் கழிந்தது என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும். 120 வந்து 120 போனால் ஸ்டாப்பில் நிற்பவருக்கு மாறியது நிறம் மட்டும்தான். நாற்பது பைக்குகளை வீட்டில் நிறுத்தவைக்கிற ஒரு டீசல் பஸ்கூட, அரை மணிக்கு ஒன்று வரும் மின்சார பஸ்ஸைவிட இந்த ஊர்க் காற்றுக்கு நல்லது செய்யும்.

நம் பட்டியலில் இந்தப் புது பஸ்களை ஓட்டுகிறவர்களோ, பணிமனையில் வேலை செய்கிறவர்களோ இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். பெயர் வேண்டாம், பணிமனை பெயரும் வேண்டாம். எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள், சம்பளம் எந்தத் தேதிக்கு வருகிறது, இந்த ரெண்டை மட்டும் சொன்னால் போதும்.