குரூப்பில் ஓடும் அந்தப் போட்டோ

நகை பறிபோனாலும் சரி, பூட்டிக் கிடக்கிற வீட்டில் வெள்ளிச் சாமான் காணாமல் போனாலும் சரி, காரைக்குடிப் பக்கம் போலீசுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ ஓடிவிடுகிறது. "இவன்தான், பார்த்தவங்க சொல்றாங்க." பொதுச்சேவையாம். கேஸையும் கெடுத்து ஒரு மனுசனையும் கெடுக்கிற வேலை என்பேன்.

எங்க தெரு ஆச்சி ஒருத்தர் கழுத்துச் செயினை பைக்கில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். அன்னைக்கு ராத்திரி ஆச்சி சொன்னது: "இருட்டுப்பா, மூஞ்சி சரியாத் தெரியல. பின்னாடி உக்காந்தவன் மெலிஞ்ச ஆளு." மறுநாள் யாரோ போட்டோ காட்டினார்கள், "இவன் சாடைதான்" என்றார். ஒரு வாரம் போனது. "இவனேதான், அந்தக் கண்ணை மறக்க முடியுமா?" ஆச்சி பொய் சொல்கிற ஆள் இல்லை. போட்டோவில் பார்த்த முகம் அந்த இருட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில், நார்த் கரோலினாவில் 1984-ல் நடந்ததும் இதுதான். பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி, அந்த நேரத்திலும் அவன் முகத்தைக் கவனமாகப் பார்த்து மனசில் வைத்திருந்தார். போலீஸ் காட்டிய போட்டோக்களில் ரொனால்ட் காட்டன் என்பவரை எடுத்துக் கொடுத்தார். ஆட்களை வரிசையாக நிறுத்தியபோதும் அவரையே. உண்மையான குற்றவாளியைப் பின்னால் கோர்ட்டில் காட்டியபோது, பார்த்ததே இல்லை என்றார். காட்டன் பத்து வருசத்துக்கு மேல் சிறையில் கிடந்து, 1995-ல் டி.என்.ஏ. சோதனையால் வெளியே வந்தார்.

நம்ம சட்டத்துக்கு இது தெரியாததல்ல. சந்தேக ஆளை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்கிற அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட் நடத்துவதும், அதுவரை அந்த ஆளின் முகத்தை மூடிக் கூட்டிப்போவதும் இதற்காகத்தான். சாட்சி முன்னாடியே போட்டோ பார்த்தாச்சு என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கேள்வி போதும். 1957-ல் வடிவேலுத் தேவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சாட்சிகளை மூணு ரகமாகப் பிரித்தது: முழுசா நம்பத்தக்கவர், முழுசா நம்ப முடியாதவர், ரெண்டுங்கெட்டான். மூணாம் ரகத்துக்கு வேறு ஆதாரம் துணைக்கு வரணும். நம்ம குரூப்பில் எல்லாருமே முதல் ரகம்!

ஆச்சிக்குக் காட்டிய போட்டோவில் இருந்தவர் வெள்ளையடிக்கிறவர். ஒரு கல்யாண வீட்டு முகப்பில் சுண்ணாம்பு வாளியோடு நின்றபோது எடுத்த படம். சந்தேகம் ஏன் அவர்மேல் போனது? எந்த ஊர், என்ன சாதி என்று விசாரித்த பிறகுதான் போனது. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளியாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுக்க 1952-லேயே ஒழிந்தது. நம்ம வாயில் இன்னும் இருக்கிறது.

கேஸ் விடுதலையில் முடிந்தது. ஆனாலும் எந்த வீட்டிலும் அவரை வளவு, அதாவது உள்முற்றம், வரைக்கும் விடுவதில்லை. "வேற ஆள் பேசியாச்சுப்பா" என்று வாசலோடு அனுப்புகிறார்கள். செயினை அறுத்தவன் எங்கேயோ ஜோராகத் திரிகிறான்.

விடுதலையான சேதியை அதே குரூப்பில் போட்டேன், போட்டோவை அழிக்கவும் சொன்னேன். நாலைந்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தர் எழுதினார்: "ஆதாரம் இல்லாம தப்பிச்சிட்டான்னு சொல்லுங்கண்ணே."