என்ன ஆளுங்க?

அலுவலகத்தில் சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போட எனக்கு மூன்று வருடம் ஆனது. சென்னைக்கு வந்த புதிதில் டிபன் டப்பாவைத் திறந்ததும் தலையைக் குனிந்து மனதுக்குள்ளேயே ஜெபத்தை முடித்துவிடுவேன். யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை, ஆனாலும் கை நெற்றிக்குப் போகாது. ஒருநாள் போட்டேன். எதிரே இருந்தவர் நான் முடிக்கும்வரை குழம்புக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். இனி விசுவாசத்தை மறைக்க வேண்டாம் என்று அன்றைக்கு அவ்வளவு நிம்மதி.

போன மாதம் தங்கைக்கு வரன் பார்க்கும் தரகர் போன் செய்தார். "ஆர்.சி. தானே? சரி, அதுல என்ன ஆளுங்க?" என்று கேட்டார். ஒரு நொடிகூடத் தயங்காமல் சாதியைச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

நான் குமரி மாவட்டத்துக்காரன். தேவசகாயத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவன். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். எத்தனை துன்பம் வந்தும் கடவுளை விடாத, பைபிளில் வரும் யோபுவின் கதையை டச்சுத் தளபதி டிலனாய் சொன்னார்; அது அவர் மனதைத் தொட்டது. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகு, தள்ளி நிறுத்தப்பட்ட மக்களோடு சேர்ந்து உட்கார்ந்தார், எல்லோரும் சமம் என்று பேசினார். மேல்சாதியினரின் கோபம் மூள அது ஒரு முக்கியக் காரணம். கைது செய்து எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் சாமியார் இல்லை, துறவி இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்திய, சம்பளத்துக்கு வேலை பார்த்த மனிதர். அதனால்தான் அவர் முன்னால் நிற்கும்போது, 'அதெல்லாம் சாமியார்களுக்கு' என்று என்னால் நழுவ முடிவதில்லை.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் என்று சுவர் வைத்திருந்தார்கள். இரண்டு கால் போலப் பிரிந்து நின்றதால் 'டிரவுசர் கோயில்' என்றே அதற்குப் பெயர். பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவில் சுவர்! 1910-ல் பங்குக் குருவானவர் அதை இடித்தார். பிரிவினை வேண்டும் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது, மதராஸ் உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது.

அந்தச் சுவர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. பங்குத் திருவிழாவில் எந்தத் தெருவுக்குத் தேர் போகும் என்பதில் சண்டை வருகிறது. 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, பெயரில் 'பிள்ளை' இல்லை. சாதிப் பெயர் வேண்டாம் என்று எழுந்த கோரிக்கையை வத்திக்கான் ஏற்றுக்கொண்டிருந்தது. நம் ஆட்களில் சிலருக்கு அதிலேயே வருத்தம். எனக்கு அந்த வருத்தம் புரியவே இல்லை. அந்த மனிதர் உயிரைக் கொடுத்து உதறியதை நாம் ஏன் திரும்ப அவர் தோளில் போட வேண்டும்?

வண்டியில் வசனம் ஒட்டுவதையோ கழுத்தில் ஜெபமாலை போடுவதையோ நான் குறை சொல்லவில்லை. நானும் போட்டிருக்கிறேன். பிற மதத்தவர் முன்னால் கிறிஸ்தவனாக நிற்க ஒரு தைரியம் வேண்டும்தான். சொந்தக்காரர்கள் முன்னால், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், கல்யாணப் பேச்சில் கிறிஸ்தவனாக நிற்க வேண்டிய தைரியம் அதைவிடப் பெரியது என்பது என் கருத்து. அலுவலகத்தில் எனக்கு இழப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. வீட்டில் இருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தங்கையிடம் கேட்டேன். "பையன் நல்லவனா இருந்தா போதும்ணா, நான் முதல்லயே சொல்லியிருப்பேன், நீங்க யாரும் கேட்கலை" என்றாள். தரகருக்குப் போன் போட்டு, இனி சாதி பார்க்க வேண்டாம், வரும் எல்லா வரனையும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அம்மாகிட்ட கேட்டுட்டீங்களா தம்பி?" என்றார்.

அம்மா நேற்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. இரவு ஜெபமாலைக்கு மட்டும் எப்போதும்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.