அந்த வீடியோவை இனி எனக்கு அனுப்பாதீர்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து இதுவரை பதினேழு பேர் அனுப்பிவிட்டார்கள். ஊர்ச் சங்க வாட்ஸப் குழுவில் மட்டும் நாலு தடவை. எந்த வீடியோ என்று கேட்காதீர்கள், உங்கள் போனிலும் இருக்கும். இங்கே மும்பையில் நாக்காபந்தியில் (போலீஸ் வாகனச் சோதனை) ஒரு போலீஸ்காரர் திருட்டு வண்டி என்று ஸ்கூட்டரை நிறுத்தி, இரண்டு பையன்களை இறக்கி, ஒருவனுக்குக் கன்னத்தில் பளார், இன்னொருவனுக்குக் கெண்டைக்காலில் லத்தி, அப்புறம் நடுரோட்டில் இரண்டு பேருக்கும் தோப்புக்கரணம். பின்னால் யாரோ ஒரு புண்ணியவான் மாஸ் மியூசிக் சேர்த்திருக்கிறார். கீழே தமிழில் 'ரியல் ஹீரோ', மூன்று நெருப்புப் படம்.

அது திருட்டு வண்டி இல்லை, அந்தப் பையனுடைய சித்தப்பா வண்டி, கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. அந்தத் தகவலை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்யக் காணோம். மியூசிக் பொருந்தவில்லை போலிருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கை நீட்டுவது போலீஸ் வேலையில் சேராது. ஹெல்மெட் இல்லையா, செல்லான் (அபராதச் சீட்டு) போடுங்கள். காகிதம் இல்லையா, வண்டியைப் பிடித்து வையுங்கள். சந்தேகமா, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வண்டி நம்பரைப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. கன்னத்தில் அறைவதும் தோப்புக்கரணம் போடவைப்பதும் எந்தச் சட்டப் புத்தகத்திலும் தண்டனையாக எழுதப்படவில்லை. அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யத் தெரியாதவர், அல்லது செய்ய மனமில்லாதவர், கையை ஓங்குகிறார். அவ்வளவுதான் விஷயம்.

இதைத்தான் குழுவில் எழுதினேன். உடனே ஒருவர், "உங்களுக்கென்ன சார், செம்பூர் ஃபிளாட்டில் உட்கார்ந்து நியாயம் பேசலாம்" என்றார். இன்னொருவர் என்னை அர்பன் நக்சல் ஆக்கிவிட்டார். ஒரு அண்ணாச்சி, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று போட்டார். இந்தப் பழமொழி சொல்கிறவர்கள் யாரும் அடி வாங்குகிற இடத்தில் தங்களை வைத்துப் பார்த்துச் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

செம்பூர் ஃபிளாட் சமாச்சாரத்துக்கு வருகிறேன். அதற்கு இன்னும் எட்டு வருஷம் இ.எம்.ஐ. பாக்கி இருக்கிறது. நான் பிறந்தது தாராவி. அப்பா முப்பது வருஷம் சைக்கிளில் இட்லி விற்றவர். விடியக்காலை மூன்று மணிக்கு மாவுச் சட்டியோடு எழுந்து, ஆறு மணிக்கு ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு 90 அடி ரோட்டில் கிளம்பிவிடுவார். தெருவில் வியாபாரம் செய்கிறவனுக்கு போலீஸ் என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

1996 என்று நினைக்கிறேன். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த சைக்கிள், இட்லிப் பாத்திரம் சட்னித் தூக்கு எல்லாவற்றோடும் காணாமல் போனது. எங்கள் வீட்டில் அன்று யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. எங்கள் பகுதியில் ரோந்து வரும் ஒரு ஹவல்தார் (போலீஸ் ஏட்டு) இருந்தார். மராட்டிக்காரர், தொப்பை உண்டு, மூச்சு வாங்கும், நீங்கள் வீடியோ எடுத்துக் கிண்டலடிக்கிற அதே உருவம். நாங்கள் காகா (மராட்டியில் சித்தப்பா) என்று கூப்பிடுவோம். அவர் எஃப்.ஐ.ஆர். எழுதவில்லை (எழுதியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்). அப்பாவை உட்கார வைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார். யார் யார் கடன் சொன்னார்கள், யார் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை, பாத்திரத்தில் என்ன பேர் வெட்டியிருக்கிறது. அப்புறம் பழைய இரும்புக் கடைகளில் போய் டீ குடித்தார். மூன்றாம் நாள் சைக்கிள் வந்தது. பாத்திரத்துக்கு மூடி மட்டும் இல்லை.

எடுத்தவன் பதினைந்து வயதுப் பையன். காகா அவன் மேல் விரல் வைக்கவில்லை. நேராக அப்பாவிடமே கூட்டிவந்து, இவனுக்கு ஏதாவது வேலை கொடு என்றார். பதினோரு நாள் ஒழுங்காக வேலை செய்தான். பன்னிரண்டாம் நாள் சட்னித் தூக்கோடு ஓடிவிட்டான். காகா தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் இரும்புக் கடை இரும்புக் கடையாக டீ குடிக்கப் போனார்.

ஆமாம், அவர் தினமும் நாலு இட்லி காசு கொடுக்காமல் சாப்பிட்டார். அதை லஞ்சம் என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

காகா தானாக வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1992-93 இந்து-முஸ்லிம் கலவரத்தில் இந்த நகரத்தில் 900 பேர் செத்தார்கள் என்கிறது அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை. போலீஸின் பாரபட்சத்தைப் பற்றியும் அதில் இருக்கிறது, நேரமிருப்பவர்கள் படியுங்கள். தாராவிக்காரர்களுக்கு அறிக்கை தேவையில்லை. அதற்குப் பிறகு சதீஷ் சஹானி போலீஸ் கமிஷனராக இருந்தபோது, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ போன்றவர்களும் சேர்ந்து மொஹல்லா கமிட்டிகளை (இரண்டு மதத்தாரும் போலீஸும் உட்கார்ந்து பேசும் பேட்டைக் குழுக்கள்) கொண்டுவந்தார்கள். எங்கள் சந்தில் நடந்த கூட்டங்கள் நினைவிருக்கிறது. தார்ப்பாய் விரித்து, இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், நடுவில் போலீஸ். குழாய்த் தண்ணீர்ச் சண்டைதான் முக்கால்வாசி நேரம் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பேச்சு. ஆனால் யார் யாருக்குப் பகை, எந்த வீட்டில் எந்தப் பையன் தறுதலை, எல்லாம் காகாவுக்குத் தெரியவந்தது அப்படித்தான். சைக்கிள் கிடைத்ததும் அப்படித்தான்.

இதே ஊரில் இன்னொரு பாணியும் வளர்ந்தது. 1982-ல் வடாலாவில், அம்பேத்கர் கல்லூரிப் பக்கம், மன்யா சுர்வே என்கிற தாதாவை போலீஸ் சுட்டுக் கொன்றதிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு எந்த இன்ஸ்பெக்டர் எத்தனை பேரைச் சுட்டார் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பத்திரிகைகள் எழுதின. நாமும் வாய் பிளந்து படித்தோம், நான் உட்பட. 2006-ல் வெர்சோவாவில் லக்கன் பையா என்கிறவரைச் சுட்டது என்கவுன்டரே இல்லை, கொலை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் 2024 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம், என்கவுன்டருக்குப் பேர்போன போலீஸ் அதிகாரி பிரதீப் சர்மாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு காலத்தில் அவரும் ரியல் ஹீரோதான்.

அறைவதும் சுடுவதும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. ஆனால் கைதட்டுகிற கை ஒன்றுதான்.

சரி, நம் ஊர்ப் பக்கமே வருகிறேன். குழுவில் பாதிப் பேர் தூத்துக்குடி, திருநெல்வேலிக்காரர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தபோது இதே குழுவில் எல்லாரும் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கினீர்கள். கடை மூடும் நேரப் பிரச்சினையில் ஆரம்பித்தது அது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் செத்தபோது "நெஞ்சு பதறுகிறது" என்று எழுதியது, இந்த வெள்ளிக்கிழமை நெருப்புப் படம் போட்ட அதே அண்ணன். லாக்கப்பில் நடந்தால் நெஞ்சு பதறும், நாக்காவில் நடந்தால் மாஸா? நாக்காவில் கைதட்டு வாங்கிய கை ஸ்டேஷனுக்குள் போனதும் பையில் போய்விடுமா?

உடனே துக்காராம் ஓம்ப்ளேவைக் கொண்டுவருகிறார்கள். "லத்தியை மட்டும் வைத்துக்கொண்டு உயிரைக் கொடுத்த மும்பை போலீஸைத் தப்பாகப் பேசாதே." ஐயா, நான் ஓம்ப்ளே பக்கம்தான் நிற்கிறேன். 2008 நவம்பர் 26 ராத்திரி, மும்பைத் தாக்குதலின்போது, கிர்காவ் சௌபாத்தியில் அவர் செய்தது என்ன? துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். அதனால்தான் தீவிரவாதி கசாப் உயிரோடு சிக்கினான், வழக்கு நடந்தது, யார் அனுப்பியது என்று உலகத்துக்குத் தெரிந்தது. அவரைக் காட்டி, பரிமாறிவிட்டு வருகிற பையனை அறைந்ததை நியாயப்படுத்தாதீர்கள். எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

"கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம் ஆகும்" என்கிறார்கள். ஆகும். அதற்குக் கோர்ட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள், மேலே போவோம்.

போலீஸ்காரர்களுக்கு இருக்கிற அழுத்தம் தெரியுமா என்கிற கேள்வி மட்டும் எனக்குள்ளும் உண்டு. தெரியும். 2016 மே மாதம் தத்தாத்ரேய் பட்சல்கிகர் கமிஷனராக இருந்தபோது தேவனார் ஸ்டேஷனில் எட்டு மணி நேர ஷிஃப்டைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். யோசனை கொடுத்தது ஒரு சாதாரண கான்ஸ்டபிள். அதுவரை பன்னிரண்டு மணி நேரம் என்பது காகிதத்தில்தான், அதற்கு மேலும் போகும். அடுத்த வருஷம் மற்ற ஸ்டேஷன்களுக்கும் வந்தது. ஆனால் கணபதி பந்தோபஸ்து வந்தால் அந்த எட்டு மணி நேரம் எங்கே போகிறது என்று ஏதாவது போலீஸ் லைனில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஊரே ஆட்டம் போடும்போது சொந்தப் பிள்ளையோடு ஒரு நாள் பந்தலுக்குப் போக முடியாதவன் எரிச்சலாகத்தான் இருப்பான். புரிகிறது. இப்படி முழுசாகப் புரிந்த பிறகும் அந்த அறை எனக்குப் புரியவில்லை.

ஆள் எடுப்பதிலேயே கோளாறு இருக்கிறது. என் அக்கா மகன் போலீஸ் பர்த்திக்கு (ஆள்சேர்ப்புக்கு) ஓடிக்கொண்டிருக்கிறான், அதனால் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். மைதானத்துக்கு 50 மார்க். 1600 மீட்டரை 5 நிமிடம் 10 விநாடிக்குள் ஓடினால் அதில் முழு 20. நூறு மீட்டருக்கு 15, குண்டு எறிவதற்கு 15. அப்புறம் 100 மார்க்குக்கு எழுத்துத் தேர்வு: கணக்கு, பொது அறிவு, புத்திக்கூர்மை, மராட்டி இலக்கணம். நேர்முகத் தேர்வு கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்துவிட்டு ஒருவன் சட்டையைப் பிடித்தால் என்ன செய்வாய் என்று எந்தக் கட்டத்திலும் ஒருத்தரும் கேட்பதில்லை. நேர்முகம் வைத்தால் காசு புகுந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், கமெண்டில் வந்து சொல்ல வேண்டாம். ஆனால் காகா இன்று வந்தால் 1600 மீட்டரில் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

2024-ல் மகாராஷ்டிரா முழுக்க 17,471 இடம். விண்ணப்பித்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். ஜூன் மாதம், மழை, சேறு. வெளி மாவட்டத்துப் பையன்கள் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தார்கள். ஓடும்போது விழுந்து செத்த பையனும் உண்டு. எங்கள் பையனுக்கு மைதானத்தில் 50-க்கு 34. ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், சமாஸ் எது அலங்கார் எது என்று இப்போது உட்கார்ந்து மராட்டி இலக்கணம் உருப்போடுகிறான். இதில் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே அவனுடைய அப்பா வழித் தாத்தா இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். தாத்தா தோல் பதனிடும் இடத்தில் கூலியாக இருந்தார், அவருக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? அதனால் பொதுப் பிரிவு. பொதுப் பிரிவுக்கு 28 வயது வரைதான். அவனுக்கு 26.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போய்விட்டேன். இல்லை, இதைத்தான் சொல்ல வந்தேனோ என்னவோ.

1999. எனக்குப் பத்தொன்பது வயது. சயானில் டியூஷன் முடிந்து பத்தரை மணிக்கு நடந்து வருகிறேன். நிறுத்தினார்கள். எந்த ஸ்டேஷன் ஆட்கள் என்று சொல்லப்போவதில்லை. பெயர் கேட்டார், சொன்னேன். "மதராஸியா?" என்றார். "ஆமாம் சாப்" என்றேன். அறைந்தார். நான் சொன்னதில் என்ன தப்பு என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன். பையில் அக்கவுண்டன்ஸி புத்தகம்தான் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போ என்றார். இடது காதில் இப்போதும் விசில் சத்தம் உண்டு, ராத்திரியில் அதிகம். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. காகாவிடமும் சொல்லவில்லை. அந்த வீடியோவில் பளார் சத்தத்துக்கு எக்கோ சேர்த்திருக்கிறார்களே, அதை பதினேழு தடவை கேட்டிருக்கிறேன்.

பதினேழாவது அனுப்பியது யார் தெரியுமா? அக்கா மகன். "மாமா, ஒருநாள் நானும்" என்று எழுதி, ஸ்டேட்டஸிலும் வைத்திருக்கிறான்.

எடுக்கச் சொல்லவில்லை. இருபத்துநாலு மணி நேரத்தில் அது தானாகப் போய்விடும். நாளைக் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல சயான் மைதானத்துக்கு வருவான், ஸ்டாப்வாட்ச் நான்தான் பிடிக்க வேண்டும். 5 நிமிடம் 32-ல் நிற்கிறான். ஓடி முடித்து மூச்சு வாங்க உட்காரும்போது, இட்லிப் பாத்திரத்தின் கதையை அவனிடம் இதுவரை சொன்னதில்லை, அதை முதலில் சொல்வதா காதை முதலில் சொல்வதா என்று தெரியவில்லை.