நூறு சதவீதக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள்

அந்தத் தேர்ச்சி சதவீதப் பட்டியலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மாலையே நம்ம திருப்பூர் வாட்ஸப் குழுக்களில் ஏறிவிட்டது. மேலே பச்சையில் தனியார் பள்ளிகள், கடைசியில் சிவப்பில் எங்கள் அரசுப் பள்ளி. கூடவே, 'கை நிறைய சம்பளம் வாங்குறவங்க பதில் சொல்வாங்களா?' என்று ஒரு கேள்வி, சிரிப்பு எமோஜியோடு. போட்டவர் யாரென்று உங்களுக்கும் தெரியும். பெயரைச் சொல்லி அவருக்கு விளம்பரம் தேடித்தர நான் தயாராக இல்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். என்னிடம் படித்த பையன் ஒருவனே 'என்ன டீச்சர் இது?' என்று எனக்கு அனுப்பிவைத்தான். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

சரி, பதில் சொல்கிறேன். சதவீதம் போடுவதற்கு முன்னால், வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் என்று போடுங்கள்.

எங்களிடம் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக் குடும்பங்கள். அப்பா பவர் டேபிளில் தையல், அம்மா செக்கிங் அல்லது துணி மடித்துக் கொடுக்கும் கைமடி. ஆர்டர் நெருக்கடி என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றரை ஷிப்ட். பிள்ளை வீட்டுக்குப் போகும்போது வீடு பூட்டியிருக்கும். தம்பி தங்கைக்குச் சோறு போடுவது அவன் வேலை. தேனியிலிருந்து வந்தவர்கள், திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், இப்போது பீகார், ஒடிசா. வாடகை கூடினால் வீடு மாறும், வீடு மாறினால் பள்ளி மாறும். ஏழாம் வகுப்பில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் வந்து சேர்ந்த பீகார்ப் பெண் ஒருத்தி இந்த முறை தமிழ்த் தாளில் 41 எடுத்திருக்கிறாள். அந்த 41 எப்படி வந்தது என்று எங்கள் தமிழம்மாவைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வார். உங்கள் பட்டியலில் அதற்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டியலில் நூறு சதவீதம் என்று பச்சையில் மின்னுகிற ஒரு பள்ளி இருக்கிறதே, அங்கிருந்து போன ஜூனில் ஒரு பையன் எங்களிடம் வந்தான். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கையோடு டி.சி. கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் எல்கேஜியிலிருந்து கட்டிய ஃபீஸ் ரசீதுகளையெல்லாம் அடுக்கி எடுத்து வந்திருந்தார். எதற்கு எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போல. 'இவன் இங்க சமாளிக்க மாட்டான், கவர்மெண்ட் ஸ்கூல்னா எப்படியும் பாஸாயிடுவான்' என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்களாம். டி.சி.யில் காரணம்: பெற்றோர் விருப்பம்.

அவனுக்கு ஜியாமெட்ரி, கிராஃப் இரண்டும் போட்டுப் போட்டுப் பழக்கினேன். அந்த 16 மார்க்கோடு ஒரு மார்க் கேள்விகளில் கொஞ்சம் தேற்றினால் 35 வந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. 31 எடுத்தான். ஃபெயில். அங்கே பதினோரு வருடம், எங்களிடம் பத்து மாதம். பச்சை அவர்களுக்கு, சிவப்பு எங்களுக்கு. நானும் கணக்கு டீச்சர்தான், இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் புரியவே இல்லை.

எங்களால் அப்படி டி.சி. கொடுத்து அனுப்ப முடியாது. அனுப்பவும் மாட்டோம். வாசலில் வந்து நின்றால் சேர்க்க வேண்டும். அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார்?

இதற்குள் கமெண்ட் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். 'ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்கிறீர்களா?' ஐயா, அப்படி நான் சொல்லவே இல்லை. 2025 ரிசல்ட்டையே எடுங்கள். மாநில மொத்தத் தேர்ச்சி 93.80, அரசுப் பள்ளிகள் மட்டும் 91.26. டியூஷன் இல்லாமல், வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல், லீவு நாளில் காஜா பட்டன் அடிக்கப் போய்க்கொண்டே இந்தப் பிள்ளைகள் இரண்டரை சதவீதம்தான் பின்னால் நிற்கிறார்கள். எனக்கு இது அதிசயமாகத் தெரிகிறது. உங்களுக்குச் சிரிப்பாகத் தெரிகிறது.

'சில அரசுப் பள்ளிகள் நூறு எடுக்கின்றனவே?' எடுக்கிறார்கள், சந்தோஷம். இருபது பேர் எழுதுகிற பள்ளியையும் முந்நூறு பேர் எழுதுகிற பள்ளியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

'வாத்தியார்களில் சோம்பேறிகளே இல்லையா?' இருக்கிறார்கள். உங்கள் ஆபீஸில் இல்லையா?

அடுத்தது எப்போதும் வரும் கேள்வி. 'உங்க பிள்ளை எங்கே படிக்குது?' தனியாரில்தான் படிக்கிறான். என் வீட்டுக்காரர் முடிவு, மாமனார் முடிவு, வீட்டுக்குப் பக்கம், ஆயிரம் காரணம். அதற்கும் இந்தப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரிடம் போய் உங்கள் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லையா என்றா கேட்கிறீர்கள்?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டையும் ஒருவர் இழுத்துவிட்டிருந்தார், 'சலுகை மட்டும் வேணும்' என்று. 2020-ல் அது வருவதற்கு முன், நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போது யாரும் பட்டியல் போடவில்லை.

2017-லேயே மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது, பிள்ளைகள் மேல் அழுத்தம் கூடாது என்று. தனியார் பள்ளிகளின் ஃப்ளெக்ஸ் நின்றதா? பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரை நடந்து பாருங்கள். இவர்களுக்குப் பிள்ளைகள் விளம்பரம், எங்களுக்கு வசவு.

ரிசல்ட் அலசல் மீட்டிங்கில் எங்களை எழுப்பி நிற்கவைத்துக் கேட்பார்கள். இருபத்திரண்டு வருட சர்வீஸ் ஆனவரும் நிற்பார், போன வருடம் வந்த பெண்ணும் நிற்பாள். மேலே இருப்பவர்கள் கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது அவர்கள் வேலை. பிள்ளைகளின் விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர், தேர்தல் பூத் டியூட்டியில் ஒரு ராத்திரி பள்ளிக்கூட பெஞ்சில் படுத்திராதவர், ஒரு நாள் கூட எங்கள் கேட்டுக்குள் காலெடுத்து வைக்காதவர் சிரிப்பு எமோஜி போட்டுக் கேட்கும்போதுதான் வலிக்கிறது. 31 எடுத்த அந்தப் பையனும் போன் வைத்திருக்கிறான். அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான். அதையாவது யோசித்தீர்களா?

ஜூலையில் துணைத் தேர்வு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. பட்டியல் போட்ட நண்பருக்கு சதவீதம் நன்றாக வருகிறது, வந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். சாக்பீஸ் நான் தருகிறேன்.